மொன்டேவெர்தே குவேக்கர் பள்ளியில் ஒரு வருடம்: போகலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன்: "என் மனைவிக்குக் கோஸ்டா ரிக்காவின் மொன்டேவெர்தே என்ற மலையூரில், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்தும் சின்னப் பள்ளியில் ஒரு வருட ஆசிரியர் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. எங்களுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். அவர்கள் மூச்சுக்கு மூச்சு 'சமூக வாழ்க்கை' என்கிறார்கள். அது என்ன? மதப் பள்ளியா? பிள்ளைகளை வாராவாரம் பேசாமல் உட்காரவைப்பார்களாமே? ஓட்டெடுப்பே இல்லாமல் முடிவெடுப்பார்களாமே, அதெல்லாம் நடக்கிற காரியமா?"

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு குவேக்கர் பள்ளியில் பல வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். குவேக்கர் இல்லை, திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். மொன்டேவெர்தேக்குப் போய்த் தங்கியிருக்கிறேன், வேலை பார்த்ததில்லை. ஆகவே ஊரைப் பற்றிச் சொல்வது விருந்தாளியாகப் பார்த்தது. குவேக்கர் பள்ளி எப்படி ஓடும் என்று சொல்வது உள்ளேயிருந்து அனுபவித்தது.

சுருக்கமான பதில்: மௌனத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், உங்கள் மகளுக்கு அது ஒரு மாதத்தில் பழகிவிடும். உங்கள் இருவருக்கும் பழகச் சிரமப்படப்போவது கூட்டங்கள். அந்த ஊரின் சமூக வாழ்க்கை நிற்பதே கூட்டங்களின் மேல்தான். காட்டைப் பார்த்து மயங்கிப் போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அந்தப் பள்ளி அங்கே எப்படி முளைத்தது என்று தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஃபேர்ஹோப் என்று ஓர் ஊர். நிலத்துக்கு மட்டும் வரி போதும் என்ற கொள்கைக்காரர்கள் 1894-ல் உண்டாக்கிய குடியிருப்பு அது. வித்தியாசமான ஆட்களுக்குப் பழகிய ஊர். அங்கே குவேக்கர் விவசாயிகள் இருந்தார்கள். 1948-ல் அமெரிக்க அரசு சமாதான காலத்திலும் கட்டாய ராணுவப் பதிவைக் கொண்டுவந்தது. போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்பது குவேக்கர்கள் 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலிருந்து விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் நெறி. ஃபேர்ஹோப்பைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் பதிவு செய்யவே மாட்டோம் என்றார்கள். ஓராண்டும் ஒரு நாளும் சிறை என்று தீர்ப்பானது. சில மாதங்களில் பரோலில் வெளியே வந்தார்கள். சட்டம் பிடிக்காவிட்டால் நாட்டைவிட்டுப் போகவேண்டியதுதானே என்று நீதிபதி கேட்டதாக ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். அவர்கள் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

எந்த நாடு என்று தேடியபோது கண்ணில் பட்டது கோஸ்டா ரிக்கா. உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, 1948 டிசம்பர் 1 அன்று, அந்தப் போரில் வென்று ஆட்சிக்கு வந்த ஹோசே ஃபிகேரஸ் தலைநகர் சான் ஹோசேயில் ராணுவ முகாமின் சுவரைச் சம்மட்டியால் அடித்து, இனி இந்த நாட்டுக்கு ராணுவம் கிடையாது என்று அறிவித்திருந்தார். அந்த முகாமில் இப்போது தேசிய அருங்காட்சியகம் இயங்குகிறது. ஏறக்குறைய பதினோரு குடும்பங்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட பேர் கிளம்பினார்கள். சிலர் விமானத்தில். சிலர் லாரியில், பாதி போடப்பட்ட பான் அமெரிக்கன் நெடுஞ்சாலை வழியே, மாதக்கணக்கில். 1951-ல் திலாரான் மலைத்தொடரில் சுமார் 1,400 ஹெக்டேர் நிலம் வாங்கினார்கள். மாட்டு வண்டிப் பாதை மட்டும் இருந்த இடம். பள்ளியும் 1951-லேயே ஆரம்பித்துவிட்டது.

இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். சிறை, நாடு, நிலம், உடனே பள்ளி. பணம் சேர்ந்தபின் நிர்வாகக் குழு போட்டுக் கட்டிய பள்ளி இல்லை அது. பிள்ளைகளுக்கு யாராவது பாடம் சொல்லிக்கொடுத்தாக வேண்டும், அக்கம்பக்கத்தில் ஆள் கிடையாது, சரி, நாமே செய்வோம் என்று ஆரம்பித்தது. எழுபது வருடத்துக்கு மேலாகியும் அந்தக் குணம் போகவில்லை. இன்றைக்கு மழலை வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை இருக்கிறது; மொத்தமே நூறு பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முன்பின். ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டும் ஓடும். குவேக்கர் வழிபாட்டுக் கூடமும் பள்ளியும் ஒரே வளாகம். பிள்ளைகளில் குவேக்கர் வீட்டுப் பிள்ளைகள் சிறுபான்மைதான். மற்றவர்கள் உள்ளூர்க் கோஸ்டா ரிக்கர்களும், ஆய்வாளர்கள், ஓட்டல்காரர்கள், உங்களைப்போல வந்து போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளும்.

மதப் பள்ளியா என்ற கேள்விக்கு வருகிறேன். நம் ஊரில் மிஷன் பள்ளி என்றால் ஒரு படம் மனதில் இருக்கும்: காலையில் ஜெபம், சுவரில் சிலுவை, விவிலிய வகுப்பு, ஃபாதர் அல்லது சிஸ்டர். இங்கே அந்தப் படத்தில் எதுவும் பொருந்தாது. மொன்டேவெர்தே குவேக்கர்களின் மரபில் பூசாரியோ போதகரோ கிடையாது. பீடம் கிடையாது, சிலுவை கிடையாது. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது, அதைக் கேட்க இடைத்தரகர் வேண்டாம் என்பது குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் காலத்து நம்பிக்கை. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது. மதமாற்றம் பற்றி நீங்கள் பயப்பட ஒன்றுமே இல்லை. நான் வேலை பார்த்த பள்ளியில் இத்தனை வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் நீ ஏன் சேரக்கூடாது என்று கேட்டதில்லை. சில சமயம், கொஞ்சமாவது கேட்கலாமே என்றுகூடத் தோன்றியிருக்கிறது!

ஒரு எச்சரிக்கை. வெப்பமண்டல நாட்டுக் குவேக்கர் பள்ளி என்று பொதுவாகத் தேடிப் படித்தால் குழம்பிப்போவீர்கள். உலகத்தில் குவேக்கர்கள் மிக அதிகமாக இருக்கும் நாடு கென்யா. 1902-ல் கைமோசியில் மூன்று அமெரிக்கர்கள் ஆரம்பித்த மிஷன் அங்கே நிறையப் பள்ளிகளாக வளர்ந்தது. அங்கே போதகர் உண்டு, பாட்டு உண்டு, பிரசங்கம் உண்டு. பெயர் ஒன்றுதான், வழக்கம் வேறு. அதைப் படித்துவிட்டு இதைக் கற்பனை செய்ய வேண்டாம். நமக்குப் பக்கத்தில் தெரிந்த குவேக்கர்கள் என்றால் இரண்டு பேர்: 1928-ல் சென்னைக்கு வந்து பென்டிங்க் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்து, தமிழ் கற்று, பிறகு சேவாகிராமத்தில் காந்தியின் ஆதாரக் கல்வியில் இறங்கிய மார்ஜரி சைக்ஸ், கேரளத்தில் செங்கல் வீடுகள் கட்டிய லாரி பேக்கர். அந்த இருவரின் சுபாவத்தை நினைத்துக்கொண்டால் மொன்டேவெர்தேயின் காற்று ஓரளவு பிடிபடும்.

இப்போது மௌனம். ஞாயிறு காலை ஊர்க்காரர்களுக்கு வழிபாடு. அது தவிர வாரநடுவில், புதன்கிழமை, பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் கூட்டம் ஒன்று. மரப் பெஞ்சுகள், ஒன்றையொன்று பார்த்தபடி. எதிர்ப் பெஞ்சில் உங்கள் மாணவனும் அவன் அம்மாவும் மளிகைக் கடைக்காரரும் இருப்பார்கள். யாரும் ஆரம்பித்து வைக்கமாட்டார்கள். உட்காருவார்கள், அவ்வளவுதான். யாருக்காவது சொல்லியே ஆகவேண்டும் என்று ஒன்று தோன்றினால் எழுந்து சொல்லலாம். ஏழு வயதானாலும் எழுபது வயதானாலும். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், பாராட்ட மாட்டார்கள், மறுக்கவும் மாட்டார்கள். மறுபடி மௌனம். கடைசியில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரின் கையைக் குலுக்குவார், எல்லோரும் குலுக்குவார்கள், முடிந்தது.

குழந்தைகள் இதை எப்படித் தாங்குகிறார்கள் என்று கேட்பீர்கள். அவர்கள் தாங்குகிற விதம் பெரியவர்களைவிட மேல். முதல் வாரம் நெளிவார்கள். ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டுவார்கள். யாராவது ஒருவனுக்கு வயிறு கடமுடா என்றால் மொத்த வரிசையும் தோளைக் குலுக்கிக்கொண்டு சிரிப்பை அடக்கும். பெரியவர்கள் அதட்டமாட்டார்கள், இது முக்கியம். ரொம்பச் சின்னப் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் மட்டும் வைத்திருந்து அனுப்பிவிடுவது குவேக்கர்களிடம் பொதுவான வழக்கம். இரண்டாம் மாதம் பார்த்தால் அந்த நெளிவெல்லாம் போயிருக்கும். பிள்ளைகள் என்ன நினைத்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் கேட்டதுண்டு. பாதிப்பேர் மதிய உணவு என்றார்கள். அதனால் என்ன? வாரத்தில் ஒருமுறை, கையில் எதுவும் இல்லாமல், யாரும் எதுவும் எதிர்பார்க்காமல் உட்கார அவர்களுக்கு வேறெங்கே கிடைக்கிறது? மொன்டேவெர்தேயில் கூடுதலாக ஒன்று: ஜன்னலுக்கு வெளியே காடு சும்மா இருக்காது. காற்றுக் காலத்தில் கூரைத் தகரம் அடித்துக்கொள்ளும், எங்கோ ஊளைக் குரங்கு கத்தும். மௌனம் என்பது மனிதர்களின் பங்கில் மட்டும்தான்.

ஆக, மௌனம் சுலபம். ஓட்டெடுப்பில்லாத முடிவுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் மனைவியின் மாலைப் பொழுதுகள் இதில்தான் போகும்.

குவேக்கர் கூட்டத்தில் ஒரு கிளார்க் இருப்பார். தலைவர் மாதிரித் தெரியும், ஆனால் அவர் வேலை முடிவெடுப்பது கிடையாது. கூட்டம் எங்கே வந்து நிற்கிறது என்று காதுகொடுத்துக் கேட்டு, அதை வாக்கியமாக எழுதி, அங்கேயே வாசித்து, இதுதானா என்று கேட்பது. எல்லோரும் ஆமென்றால் அது பதிவாகும். கூட்டம் முடிந்தபின் யாரோ வீட்டில் உட்கார்ந்து எழுதும் குறிப்பு கிடையாது. வார்த்தை வார்த்தையாக அந்த அறையிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒருவர் பேசியதும் அடுத்தவர் உடனே பாயக்கூடாது, நடுவில் கொஞ்சம் இடைவெளி விடவேண்டும். ஒரே கருத்தை இரண்டு பேர் சொல்லத் தேவையில்லை. முன்னவர் சொன்னது எனக்கும் சரி என்றால் போதும். எனக்கு உடன்பாடில்லை, ஆனால் வழியில் நிற்கவில்லை என்று ஒதுங்கிக்கொள்ளலாம். மனசாட்சி சுத்தமாக இடம் தரவில்லை என்றால் தடுத்து நிற்கலாம். அப்போது விஷயம் அடுத்த கூட்டத்துக்குப் போகும்.

கேட்க அழகாக இருக்கிறது இல்லையா? நடைமுறையைச் சொல்கிறேன். நான் இருந்த பள்ளியில் காலை மணியை அரை மணி நேரம் முன்னால் தள்ளலாமா என்று ஒரு பேச்சு. ஆசிரியர்களுக்குச் சம்மதம், பெற்றோர்களில் பெரும்பாலோருக்குச் சம்மதம். ஓட்டுப்போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். எல்லோரும் பேசி ஓய்ந்து, கிளார்க் எழுத ஆரம்பித்த நேரத்தில், சமையலறையில் வேலைசெய்யும் அம்மாள் மெதுவாக, அப்படியென்றால் நான் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும், அந்த நேரத்தில் என் பேரனை யாரிடம் விடுவது என்று கேட்டார். அறையில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. கிளார்க் பேனாவை மூடி வைத்துவிட்டார். விஷயம் மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில் மணி மாறியது, ஆனால் சமையலறை வேலையைப் பிரித்து, காலைப் பங்கை இரண்டு பெற்றோர்கள் முறைவைத்து எடுத்துக்கொண்டார்கள். அதன்பிறகு அந்த ஏற்பாட்டைப் பற்றி யாரும் முணுமுணுத்துக் கேட்டதில்லை. மெதுவாக எடுத்த முடிவை எதிர்த்துப் பின்னால் குழிபறிக்க ஆள் இருக்கமாட்டார்கள். இந்த முறையின் லாபம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

நஷ்டத்தையும் சொல்லவேண்டுமே. அதே பள்ளியில் ஒரு பொருள் வாங்குவது பற்றிய பேச்சு அந்தப் பொருளே சந்தையில் வழக்கொழிந்து போகும்வரை நடந்திருக்கிறது. அப்புறம், எல்லோரும் சமம் என்ற இடத்தில் அதிகாரம் காணாமல் போய்விடாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். யாருக்கு நேரம் அதிகமோ, யாருக்குக் கூட்ட மொழி தாய்மொழியோ, யார் பழைய குடும்பமோ அவர்கள் சொல் எடைபோடும். குவேக்கர்கள் தங்களை நண்பர்கள் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்; இப்படிப்பட்டவருக்கு அவர்களே எடையுள்ள நண்பர் என்று பாதி கேலியாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்து வாழும் ஊரில் இந்தப் பிரச்சினை இரட்டிப்பு. மாடு கறந்துவிட்டு வந்து, இரண்டாம் மொழியில், நிதானமான நீண்ட வாக்கியங்களுக்கு நடுவே புகுந்து பேச எத்தனை பேருக்கு வரும்? நல்ல மனது மட்டும் இருந்தால் இது சரியாகிவிடாது, மொழிபெயர்க்க ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

இன்னொன்று: சண்டைபோடத் தெரியாத மனிதர்களின் சண்டை நீளமானது. நம் வீடுகளில் சத்தம் போட்டு, மறுநாள் காப்பி கொடுத்து முடிந்துவிடும். அங்கே குரலை உயர்த்துவது கிட்டத்தட்டக் குற்றம். மனஸ்தாபம் புன்னகையோடு வருடக்கணக்கில் போகும். உங்கள் மனைவி மதுரைக்காரர் மாதிரி பட்டென்று பேசுபவர் என்றால் முதல் மாதத்தில் இரண்டு மூன்று பேர் முகம் சுருங்கும். பிறகு அதையே ரசிக்கவும் ஆரம்பிப்பார்கள்.

ஊருக்கு வருவோம். பள்ளியைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது என்பதற்குப் பாலாடைக்கட்டிக் கதையைச் சொல்லவேண்டும். வந்தவர்கள் பால் மாடு வளர்த்தார்கள். ஆனால் அந்தப் பாதையில் பாலைக் கீழே கொண்டுபோவதற்குள் திரிந்துவிடும். கெடாத, கனம் குறைந்த, விலை கூடுதலான சரக்கு எது? சீஸ். 1950-களின் தொடக்கத்திலேயே தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். சுற்றுவட்டாரத்துக் கோஸ்டா ரிக்க விவசாயிகளும் பால் ஊற்றினார்கள், பங்குதாரர்களும் ஆனார்கள். பல பத்தாண்டுகள் அந்த மலையின் பொருளாதாரம் அதுதான். 2013-ல் மெக்சிக்கோவின் சிக்மா நிறுவனம் வாங்கிக்கொண்டது. அதற்கு முன்பே சுற்றுலா பாலை முந்திவிட்டது.

சுற்றுலா வந்த கதையும் குவேக்கர்களோடு ஒட்டியதுதான். நிலம் வாங்கியபோதே மலை முகட்டில் 554 ஹெக்டேரை, ஊற்றுகளைக் காப்பாற்ற, வெட்டாமல் விட்டுவைத்தார்கள். இயற்கைக் காதல் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டும் என்ற விவசாயியின் கணக்கு. பிறகு ஜார்ஜ் பவல் என்ற ஆய்வாளரும் வில்ஃபோர்ட் கின்டன் என்ற குவேக்கரும் சேர்ந்து பாடுபட்டதில் 1972-ல் மேகக்காட்டுச் சரணாலயம் உருவானது. இந்தக் கின்டன், சிறைபோன அந்த நான்கு இளைஞர்களில் ஒருவர். மாட்டுக்குப் புல்வெளி வேண்டுமென்று தானும் மரம் வெட்டிய ஆள், பிறகு ஆயுள் முழுக்க அந்தக் காட்டைக் காவல் காத்தார். 1987 வாக்கில் ஸ்வீடனில் ஒரு சின்னப் பள்ளியின் பிள்ளைகள் இந்தக் காட்டைப் பற்றிக் கேள்விப்பட்டுக் காசு சேர்க்க ஆரம்பித்தார்கள். அது நாடு நாடாகப் பரவி, இன்றைக்குக் குழந்தைகளின் நிரந்தர மழைக்காடு என்ற பெயரில் 22,000 ஹெக்டேருக்கும் மேல் பாதுகாக்கப்படுகிறது.

அதனால் உங்கள் மகளுக்குச் சூழலியல் பாடம் புத்தகத்தில் இருக்காது. பள்ளி இருக்கும் நிலத்திலேயே காடு. உயிரியலாளர் வீட்டுப் பிள்ளை பக்கத்து பெஞ்ச். தங்கத் தேரையைப் பற்றி அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். மொன்டேவெர்தே முகட்டில் மட்டுமே இருந்த, ஆண் முழுக்க ஆரஞ்சு நிறமான, கட்டைவிரல் நீளத் தேரை. 1966-ல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. 1987-ல் குட்டைகளில் ஆயிரத்துக்கும் மேல் எண்ணினார்கள். 1989-ல் ஒரே ஒரு ஆண் கண்ணில் பட்டது. அதோடு சரி. பூஞ்சை நோயும் மாறிய தட்பவெப்பமும் சேர்ந்து முடித்துவிட்டன என்பது பரவலான கருத்து. மேகம் முன்னைவிட உயரத்தில் நிற்கிறது, மூடுபனி இல்லாத நாட்கள் கூடுகின்றன என்று 1990-களின் கடைசியிலேயே அங்குள்ள ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். சுற்றுச்சூழல் தினத்துக்குச் சுவரொட்டி வரையும் பள்ளிகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது: தாத்தா பார்த்த பிராணியைத் தான் பார்க்க முடியாது என்பது அங்கே வீட்டுச் செய்தி.

அன்றாட வாழ்க்கை எப்படி என்றால், ஏற்காடு உயரம், கொடைக்கானலின் அட்சரேகை. 1,400 மீட்டர், பத்து டிகிரி வடக்கு. பகல் நீளம் நமக்கு இருப்பது போலவே, வருடம் முழுக்க ஆறு மணிக்கு இருட்டும். மே முதல் நவம்பர் வரை மழை. அது ஓயும்போது கிழக்கிலிருந்து காற்று, பக்கவாட்டில் அடிக்கும் சாரல், குடையைத் தூக்கி எறியவேண்டியதுதான். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வெயில். பெல்ட்டும் செருப்பும் பூஞ்சை பூக்கும். புத்தகத்தைத் திறந்தால் ஈர வாடை. எல்லோரும் நடப்பார்கள். நடக்கும்போது எதிரில் வருகிறவர் எல்லாம் தெரிந்தவர் என்பதால் கால் மணி நேரப் பாதைக்கு முக்கால் மணி வைத்துக்கொள்ளுங்கள்.

சமூக வாழ்க்கை என்று கடிதத்தில் எழுதுகிறார்களே, அது பெரும்பாலும் இந்த மாதிரிச் சமாசாரம்தான்: ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடுவது, பள்ளி நாடகத்துக்குத் திரை தைப்பது, பாதையில் விழுந்த மரத்தை அகற்றுவது, கூட்டு நடனம், பாட்டு. வேலைக்கு ஆள் வைப்பது என்ற எண்ணமே குறைவு. வகுப்பறையைப் பெருக்குவதில் பிள்ளைக்கும் பங்குண்டு, கழிவறையையும் சேர்த்து. நம்மவர்கள் சிலருக்கு இங்கேதான் சுருக்கென்கும். அதே மாதிரி, ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மிஸ் கிடையாது, சார் கிடையாது, தலைமையாசிரியருக்கும் அதேதான். மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; மனிதருக்கு மனிதர் பட்டம் எதற்கு என்பது அவர்களுக்கு மூன்றரை நூற்றாண்டுப் பழக்கம். திரும்பி வந்த பிறகு உங்கள் மகள் இங்கே டீச்சரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் நீங்கள் சைவமென்றாலும் திண்டாட்டம் இல்லை. சோறும் கறுப்பு பீன்ஸும் அங்கே மூன்று வேளையும் வரும். காலையில் இரண்டையும் சேர்த்து வதக்கினால் காயோ பின்டோ. வாழைக்காய், மரவள்ளி, சௌசௌ எல்லாம் உண்டு. காரம்தான் இருக்காது. புளியும் கடலைப்பருப்பும் மிளகாய்த்தூளும் எடுத்துப்போனால் பகிர்ந்துண்ணும் நாளில் உங்கள் பாத்திரம் முதலில் காலியாகும்.

கஷ்டங்களில் இரண்டு இன்னும் சொல்லவில்லை. ஒன்று, தனிமைக்கு இடமில்லாமை. கணவன் மனைவி மனக்கசப்போடு ஒரு காலை நடந்துபோனால் மாலைக்குள் நான்கு பேர் அக்கறையாக விசாரிப்பார்கள். நகரத்திலிருந்து போகிறவர்களுக்கு முதல் மூன்று மாதம் இது சுகம், பிறகு மூச்சுமுட்டும், பிறகு ஒரு சமநிலை வரும். இரண்டாவது, வந்துபோகிறவர்கள். பள்ளியின் ஆசிரியர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து ஓரிரு வருடத்துக்கு வருபவர்கள். ஊதியம் எளியது, காட்டுக்காகவும் கொள்கைக்காகவும் வருகிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். அங்கேயே வளரும் பிள்ளைகளுக்கு வருடா வருடம் விடைகொடுப்பது சலித்துப்போகிறது. ஒரு வருடத்துக்கு வரும் ஆசிரியரிடம் பழைய மாணவர்கள் ஒட்டாமல் நின்றால் அது அவர் மேலுள்ள குறை இல்லை. இன்னொரு தடவை மனதை விட அவர்கள் தயாரில்லை, அவ்வளவுதான். இரண்டு வருடம் இருக்க முடியுமென்றால் இருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். முதல் வருடம் பள்ளிதான் உங்களுக்குக் கொடுக்கிறது; இரண்டாம் வருடம்தான் நீங்கள் திருப்பித் தர ஆரம்பிப்பீர்கள்.

பணம் பற்றியும் தெளிவாக இருங்கள். கட்டணம் அமெரிக்கத் தனியார் பள்ளியோடு ஒப்பிட்டால் குறைவு, உள்ளூர் விவசாயக் குடும்பத்துக்கு அதிகம். ஆகவே உதவித்தொகை, நன்கொடை என்று எப்போதும் ஓட்டம். சுற்றுலாவை நம்பிய ஊர் என்பதால் 2020-ல் விமானங்கள் நின்றபோது மலை முழுக்க வருமானம் நின்றது. நன்கொடைக்குக் கடிதம் எழுதுவதும் விழா நடத்துவதும் ஆசிரியர் வேலையின் ஒரு பகுதி என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஒப்புக்கொள்வதற்கு முன் அவர்களிடம் நேரடியாகக் கேட்கவேண்டியவை: தங்குமிடம் யார் பொறுப்பு, வீசா யார் பெயரில், உங்களுக்கு வேலை செய்ய அனுமதி உண்டா, மகளின் கட்டணத்தில் சலுகை எவ்வளவு, மாதத்துக்கு எத்தனை மாலைக் கூட்டம். கடைசிக் கேள்விக்கு அவர்கள் சிரித்துவிட்டு ஒரு எண் சொல்வார்கள். அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஸ்பானிஷை இப்போதே ஆரம்பியுங்கள், மூன்று பேருமே. ஆங்கிலம் வைத்துச் சமாளித்துவிடலாம் என்பார்கள், சமாளிக்கலாம்தான், ஆனால் பாதி ஊர் உங்களுக்கு மூடியே இருக்கும். ரப்பர் பூட்ஸ் இங்கிருந்து சுமக்க வேண்டாம், பக்கத்து ஊரான சான்டா எலெனாவில் கிடைக்கும். மகளுக்கு ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள்.